எது முதலில் வருகிறதோ அதுவரை

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் அத்தான்தான் சரியில்லை.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே அறை, ஒரே போன். நான் பேசினால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். அதனால் இதை உங்கள் ஊர் வண்டி டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கிழிப்பதில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை இதுதான். நீயும் அவர் கையிலேயே பதில் கொடுத்துவிடு. வீட்டு விலாசம் வேண்டாம்.

பீரோவுக்கும் கட்டிலுக்கும் பெயிண்ட் ஊதி ஊதி அத்தானின் நுரையீரல் கெட்டது உனக்குத் தெரியும். போன வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போனது திரும்பி வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தலாம். வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வாங்குங்க. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது ஓடணும். ராத்திரி கண்டிப்பா ஓடணும்" என்றார். அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன்.

கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று விலை மலிவு, கெட்டால் யார் பார்ப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. இன்னொன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்கு மேலும் பணம் கட்டினால் வாரண்டியை நீட்டித் தருகிறோம் என்று விற்பனைக்காரப் பையன் விடாமல் பேசினான். நீ பத்து வருஷமாக எலெக்ட்ரானிக்ஸ் கடையில் குப்பை கொட்டுகிறவன். ஊரெல்லாம் உன்னிடம் கேட்டு ஏமாறுகிறது. அக்காவிடமாவது உண்மையைச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா

*

பிப்ரவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகுவலி முதுகோடு சௌக்கியம். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன்.

கடையில் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். டிவிக்கு நீட்டிப்பு வாரண்டி கேட்டால் வாங்காதே. அது எங்கள் முதலாளியின் வீட்டு மாடிக்குப் போகிற பணம். ரிப்பேர் செலவு வாரண்டி விலையைவிடக் குறைவாக இருக்கிற எந்தச் சாமானுக்கும் வேண்டாம். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் அந்த ரகம். கெட்டால் நாலு நாள் இல்லாமல் இருந்துவிடலாம்.

இந்த மெஷின் அப்படியில்லை. உள்ளே இருக்கிற கம்ப்ரஸர் போனால் மெஷின் விலையில் பாதி கேட்பார்கள். அதனால் விலை கூடினதையே வாங்கு, நீட்டிப்பும் வாங்கு. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று கேள்: ரிப்பேருக்கு எடுத்துப்போனால் அன்றைக்கே மாற்று மெஷின் தருவீர்களா? தருவோம் என்று எழுதித் தரச் சொல். மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்.

வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில், "மூன்று ஆண்டுகள் அல்லது பத்தாயிரம் மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதுவரை" என்று இருக்கும். மெஷினில் டாக்ஸிக்கு இருப்பது போல ஒரு மீட்டர் உண்டு. ஓடின மணியை அது எண்ணிக்கொண்டே போகும். அத்தானுக்கு இந்த விஷயம் பிடிக்கும். புதுக் குடையை உறையோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நனைந்தே வீட்டுக்கு வந்த மனிதராயிற்றே.

பயப்படாதே என்று எழுத ஆசை. எனக்கே பயமாக இருக்கிறது.

உன் தம்பி

*

பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மெஷின் வந்துவிட்டது. நீ சொன்ன மாதிரியே எழுதி வாங்கினேன். பாதியைக் கட்டிவிட்டு மீதிக்குத் தவணை போட்டிருக்கிறேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சின்னப் பீரோ உயரம். ஓயாமல் உறுமுகிறது, நடுநடுவே பெருமூச்சு விடுகிறது. முதல் நாள் அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குவது என்று நினைத்தேன். பிறகு என்ன மாயமோ, பல மாதங்களுக்குப் பிறகு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். சத்தம் இருந்தால் அவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

அத்தான் அதற்கும் உறை தைத்துவிட்டார்! பழைய படுக்கை விரிப்பை வெட்டி, ஓரம் மடித்து, அழகாக. காற்று போகிற ஓட்டையெல்லாம் அடைபட்டுவிடும் என்று நான் கழற்றி எறிந்ததில் அரை நாள் என்னோடு பேசவில்லை. இப்போது வாரண்டி அட்டையை மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் வைத்துப் படிக்கிறார். "எது முதலில் வருகிறதோன்னா என்னடி அர்த்தம்?" என்று கேட்டார். சொன்னேன். "ஓகோ" என்றார்.

இரவு டூட்டிக்குக் கூடுதல் படி உண்டு. அடுத்த மாதத்திலிருந்து மாற்றிக் கேட்டிருக்கிறேன். அவர் தூங்கும் நேரம்தானே, மெஷின் பார்த்துக்கொள்ளும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 16

அன்பு மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

நலம், நாடுவதும் அதுவே. நான் தபாலில் எழுதுவதைப் பார்த்து ஆச்சரியப்படுவாய். உன் அக்கா பேருந்து நிலையத்துக்குப் போயிருக்கிறாள். இப்போதெல்லாம் அவளுக்கு இரவு டூட்டி. இந்தக் கடிதம் அவளுக்குத் தெரிய வேண்டாம். வாங்கிக் கொடுத்த மெஷின்மேல் சந்தேகப்படுகிறேன் என்று வருத்தப்படுவாள்.

எனக்கு இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, பிளக் மாட்டியிருந்து சுவிட்ச் மட்டும் அணைத்திருந்தால் மீட்டர் ஓடுமா, ஓடாதா? இரண்டு, மெஷின் வேறு ஒருவர் கைக்கு மாறினால் மிச்சமிருக்கிற வாரண்டியும் அவருக்குப் போய்ச் சேருமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். பொழுது போகவில்லை.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ காலாகாலத்தில் ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கொள்.

உன் அத்தான்

*

மார்ச் 20

மதிப்புக்குரிய அத்தானுக்கு வணக்கம்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம். கல்யாணம் தவிர மற்ற இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

அணைத்திருந்தால் மீட்டர் ஓடாது. மெஷின் ஓடினால்தான் அதுவும் ஓடும். டாக்டர் சொன்ன கணக்கில் ஓட்டினால் இரண்டு வருஷம் முடிவதற்குள்ளேயே பத்தாயிரம் மணி தீர்ந்துவிடும், மூன்று வருஷம் என்பது பேருக்குத்தான். எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். இரண்டாவது, கை மாறினாலும் வாரண்டி செல்லும், ரசீது இருந்தால் போதும். மீட்டரில் மணி குறைவாக இருக்கிற பழைய மெஷினுக்கு நல்ல கிராக்கி. பாதிக்கு மேலேயே விலை போகும்.

உங்களை மாதிரி எல்லா வாடிக்கையாளரும் அட்டையைப் படித்தால் எங்கள் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்! அக்காவிடம் மூச்சு விட மாட்டேன்.

அன்புடன்,
மைத்துனன்

*

ஜூன் 14

அன்புத் தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. இரவெல்லாம் கவுண்டர், பகலெல்லாம் வீடு. தலை எங்கே கால் எங்கே என்று தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தான் தேறவில்லை. காலையில் நான் வரும்போது தலைவலி தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது. கணுக்கால் வீங்கியிருக்கிறது, அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. முந்தாநாள் உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற மாதிரி ஒரு நிறம். அவர் எதையும் தின்னவில்லை.

டாக்டர் என் முகத்தையே பார்த்து, "மெஷினை ஒழுங்கா ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "அது நின்னு நான் பார்த்ததே இல்லை டாக்டர்" என்றேன். நிஜம்தான். நான் கிளம்பும்போது ஓடிக்கொண்டிருக்கும், திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

மெஷின் ஓடியும் உள்ளே ஆக்ஸிஜன் வராமல் இருக்குமா? வாரண்டியில் ஆளைக் கூப்பிடலாம் என்றால் அத்தான் வேண்டாம் என்கிறார். "வர்றவன் எதையாவது கழட்டிப் பார்ப்பான், அப்புறம் இல்லாத கோளாறெல்லாம் வரும்" என்கிறார். நான் என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது.

அக்கா

*

ஜூன் 16

அக்கா,

முன்பக்கத்தில் சின்ன விளக்கு பச்சையாக எரிகிறதா பார். பச்சை என்றால் ஆக்ஸிஜன் வருகிறது. குழாய் எங்கேயும் மடிந்திருக்கிறதா பார்.

பிறகு, மீட்டரில் இருக்கிற எண்ணை எனக்கு எழுது. அத்தானிடம் கேட்காதே. அவர் குளிக்கப் போகும்போது நீயே பார்த்து எழுது.

தம்பி

*

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

நலமா என்றுகூட நீ கேட்கவில்லை. அவசரத்தில் விட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

விளக்கு பச்சை. குழாய் நேராக இருக்கிறது. மீட்டரில் 1104. கண்ணாடி போட்டு இரண்டு தரம் பார்த்தேன். இது நல்ல எண்ணா, கெட்ட எண்ணா? எதற்குக் கேட்டாய்? டிரைவர் வண்டியை எடுக்க அவசரப்படுகிறார், இதோடு நிறுத்துகிறேன்.

அக்கா

*

ஜூன் 21

அத்தானுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைச் சாயங்காலம் அக்கா டூட்டிக்குக் கிளம்பின பிறகு உங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். போனில் பேச எனக்குத் தைரியம் இல்லை. குரல் உடைந்துவிடும், நீங்கள் சிரித்தே சமாளித்துவிடுவீர்கள்.

மார்ச்சில் நான் எழுதியதில் ஒரு தவறு நடந்துவிட்டது. வாரண்டி விதிகளை மாற்றிவிட்டார்கள். இனிமேல் கை மாறினால் வாரண்டி செல்லாது. அதோடு, மூச்சு மெஷினை ஒருவர் பயன்படுத்தின பிறகு இன்னொருவர் வாங்கக் கூசுகிறார்கள். இப்போது எங்கள் கடையில் அப்படிப்பட்ட மெஷின் எட்டு கிடக்கிறது, சீந்துவாரில்லை. பழைய இரும்புக்காரன் எடைக்குத்தான் கேட்கிறான். அதனால் மணியை மிச்சம் பிடிப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. இருக்கிற மணியை ஓட்டித் தீர்த்துவிடுவதுதான் லாபம். ராத்திரியும் ஓட்டுங்கள். ராத்திரிதான் ஓட்ட வேண்டும். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மைத்துனன்

*

ஜூன் 23

அன்பு மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. நீ நல்ல விற்பனைக்காரன். பொய் சொல்லத்தான் வரவில்லை. வாங்கும்போது என்ன அச்சடித்துக் கொடுத்தார்களோ அதுதான் கடைசிவரை செல்லும். அட்டையின் பின்பக்கம் ஏழாவது விதி: உரிமையாளர் மாறினாலும் ரசீது காட்டினால் போதும். எனக்கு மனப்பாடம்.

உனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். உன் அக்கா ராத்திரிதோறும் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பது இந்த மெஷினின் தவணைக்காக. பகலில் அவள் பாத்திரம் தேய்க்கும்போது நின்றுகொண்டே தூங்குகிறாள். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை என்னையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எப்படியும் போகிறவன், அவள் தூக்கத்தை எல்லாம் தின்றுவிட்டுப் போக வேண்டுமா? அவள் கிளம்பினதும் அணைப்பேன். விடியற்காலையில் அவள் வருகிற நேரத்துக்கு அலாரம் வைத்துப் போட்டுவிடுவேன். நான் போன பிறகு பாதி மணிகூட ஓடாத மெஷின் அவள் கையில் இருக்கும். அவளுக்கு என்னிடமிருந்து மிஞ்சப்போவது அது ஒன்றுதான்.

பயமில்லை என்று சொன்னால் அது நான் சொல்கிற பொய். அணைத்தவுடன் அறை அமைதியாகிவிடுகிறது பார், அந்த முதல் அரை மணி நேரம் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிற மாதிரி இருக்கும். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். பிறகு மயக்கம் மாதிரி ஒன்று வந்துவிடும்.

அவளிடம் சொல்லாதே. நல்ல பையன் அல்லவா நீ.

உன் அத்தான்

*

ஜூன் 25

அக்கா,

பேருந்து நிலையத்துக்கு நாலு தரம் போன் பண்ணினேன். "கவுண்டர்ல இருக்கிற ஆளையெல்லாம் கூப்பிட முடியாது" என்று வைத்துவிட்டார்கள். டிரைவரிடம் இதை உன் கையில் மட்டும் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் சொன்னபடி ஓடியிருந்தால் மீட்டர் எண் இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நீ வீட்டில் இல்லாத ராத்திரிகள் எதுவும் அதில் இல்லை. அத்தான் தானாகவே அணைத்து வைக்கிறார். மணி குறைவாக ஓடின மெஷினுக்கு நல்ல விலை வரும், அவருக்குப் பிறகு உனக்கு ஆகும் என்று. விலை வரும் என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான் அக்கா. எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்காமல் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

உடனே வீட்டுக்குப் போ. மற்றதை அப்புறம் திட்டிக்கொள். சனிக்கிழமை வண்டியில் வருகிறேன்.

தம்பி

*

ஜூலை 9

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தாயா? இங்கே இருக்கிற நிலைமையை நீயே கண்ணால் பார்த்துவிட்டுப் போனாய். ஆனால் வந்திருந்த இரண்டு நாளும் நாம் மூன்று பேரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம். மெஷின் இரைச்சலில் பொட்டுத் தூக்கம் இல்லை என்று காலையில் நீ குறைப்பட்டாய். நாங்கள் இரண்டு பேரும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டோம். நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது கவுண்டரில் நீள வரிசை. பாதி டிக்கெட்டோடு எழுந்து, ஷட்டரை இறக்கிவிட்டு நடந்தேன். பின்னால் எல்லோரும் கத்தினார்கள். பூட்டைத் திறந்தேன். சத்தமே இல்லை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அவர் போய்விட்டார் என்றே நினைத்தேன். விளக்கைப் போட்டால் கண்ணைத் திறந்து பார்க்கிறார், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு. உதடு கறுத்திருந்தது.

ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன், அவர் அணைத்தார். மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தார். மூச்சு முட்டுகிற மனிதருக்கு அந்தப் பிடிவாதத்துக்கு மட்டும் பலம் எங்கிருந்து வந்ததோ! அழுதேன், கெஞ்சினேன். "உனக்காகத்தான் சொல்றேன், புரிஞ்சுக்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போதுதான் எனக்கு வெறி வந்தது.

"சரி, அணைச்சே வையுங்க" என்றேன். "ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. நீங்க போனதுக்கப்புறம் நான் இதை விக்க மாட்டேன். இதே இடத்துல வெச்சு, சுவிட்சைப் போட்டுட்டு வேலைக்குப் போவேன். ராத்திரி பகலா ஓடும். வெறும் கட்டிலுக்குக் காத்து ஊதும். பத்தாயிரம் மணியும் தீர்ற வரைக்கும் ஒரு நிமிஷம் அணைக்க மாட்டேன்."

"வெறும் கட்டிலுக்கா?" என்றார்.

"ஆமா."

"கரண்ட் பில்லு?"

"கட்டுவேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"ஆமா" என்றேன்.

என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை தம்பி. அன்றைக்கு அதைச் செய்யத்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான். அது அவருக்கும் தெரிந்துவிட்டது. "அநியாயமா வீணாக்குவியே" என்று முனகிக்கொண்டு, குழாயை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, அவர் கையாலேயே சுவிட்சைப் போட்டார். அன்றிலிருந்து அவர் அதை அணைக்கவில்லை.

பகல் டூட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கவுண்டரை மூடினதற்கு விளக்கமும் கேட்டிருக்கிறார்கள், எழுதிக் கொடுக்கலாம். தவணையில் பாதி நீ ஏற்கிறேன் என்றதை நான் மறுக்கப்போவதில்லை. இதயமும் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம். பொறுத்துப் பார்க்கலாம் என்பதற்கு மேல் டாக்டர் வாய் திறக்கவில்லை. பயம் என்னைவிட்டுப் போகவில்லை. டிக்கெட் கொடுக்கும்போதும் காது வீட்டில்தான் இருக்கிறது.

நேற்று விடுமுறை. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மெஷின் ஒரு தடவை கூவிவிட்டு நின்றது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னச் சிலிண்டரைத் திறக்க நான் திருகிக்கொண்டிருக்கிறேன், கைக்கு வரவில்லை. அவர் என் புடவையைப் பிடித்து இழுத்தார். "சீக்கிரம்டி, சீக்கிரம் திற, பயமா இருக்கு" என்றார்.

தம்பி, இத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையைக் கேட்டதே இல்லை. சிலிண்டர் திறந்துகொண்டது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சந்தோஷம் தாங்காமல் அழுதேன்.

உன் அக்கா